லேசர் என்ற ஒரே பெயரில் மூன்று சிகிச்சைகள்: ஒரு நோயாளியின் மதிப்பீடு

கடந்த மூன்று ஆண்டுகளில் நான் லேசர் கருவியின் முன் அமர்ந்த தடவைகளை எண்ணினால் ஒன்பது வரும். சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்பட்ட பாதிப்புக்காக என் இரு கண்களுக்கும் சிகிச்சை நடந்தது. கண்புரை அறுவைக்குப் பின் பார்வை மீண்டும் மங்கிப்போன என் தாயாருக்கு ஒருமுறை துணையாகச் சென்றேன். இறுகிப்போன என் தோள்பட்டைக்காகப் பிசியோதெரபி மையம் ஒன்றில் பத்து அமர்வுகளுக்கு முன்பணம் கட்டினேன். மூன்றையும் எங்களுக்குச் சொன்னவர்கள் ‘லேசர் வைக்க வேண்டும்’ என்றே சொன்னார்கள். கருவி, அதிலிருந்து வரும் ஒளி, அந்த ஒளி உடலில் செய்யும் வேலை, அதன் பின்னால் இருக்கும் ஆய்வுச் சான்று என எதை எடுத்துக்கொண்டாலும் மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்பது அனுபவித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்த வேறுபாட்டைச் சொல்வதற்காகவே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் விழித்திரை லேசர். என் பார்வையில் எந்தக் குறையும் தெரியாத நிலையில்தான் வழக்கமான ஆண்டுப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை வாசித்தேன். ஆனால் சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரியவைத்து உள்ளே பார்த்த மருத்துவர், விழித்திரையில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்திருப்பதைப் படம் எடுத்துக் காட்டினார். நீண்ட நாள் சர்க்கரையால் சிறு குழாய்கள் அடைபட்டு, விழித்திரையின் ஓரப் பகுதிகள் ஆக்சிஜன் கிடைக்காமல் தவிக்கும்போது, அவை புதுக் குழாய்களை வளரத் தூண்டும் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அப்படி வளரும் குழாய்கள் மெல்லியவை. எப்போது வேண்டுமானாலும் கசியும், உடையும், கண்ணுக்குள் இரத்தம் பரவும், தழும்பாகி விழித்திரையையே இழுத்துப் பிரிக்கவும் செய்யும். இத்தனையும் நடக்கும் வரை நோயாளிக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் இந்த நோயின் கொடுமை.

லேசர் இங்கே செய்வது, கேட்பதற்குச் சற்றுக் கடுமையான ஒரு வேலை. நடுப்பார்வைக்கு உரிய மாகுலா என்ற பகுதியைத் தொடாமல் விட்டுவிட்டு, சுற்றியுள்ள ஓரப் பகுதியில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அகலமுள்ள புள்ளிகளாக ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களைச் சுடுகிறார்கள். என் கண்ணுக்குப் பயன்பட்டது 532 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட பச்சை ஒளி. கண்ணின் முன்பகுதி தெளிவாக இருப்பதால் அந்த ஒளி அங்கே எதையும் தொடாமல் கடந்து, விழித்திரைக்கு அடியில் நிறமி நிறைந்த அடுக்கில் உறிஞ்சப்பட்டு வெப்பமாகிறது. சுடப்பட்ட இடத்துக்கு இனி ஆக்சிஜன் தேவையில்லை. தேவை குறைந்தவுடன் அந்தப் புரதத்தின் சுரப்பும் குறைகிறது, புதுக் குழாய்கள் வாடுகின்றன. ஓரத்தில் கொஞ்சத்தை இழந்து நடுவைக் காப்பாற்றும் பேரம் இது. மருத்துவர் இதை மூடி மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்காகவே அந்த மருத்துவமனைக்கு என் முழு மதிப்பெண்ணையும் கொடுப்பேன்.

சிகிச்சை அறையில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போகப் போகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ‘வலிக்குமா’ என்ற ஒன்றைத்தான். மரத்துப்போகச் செய்யும் சொட்டு விட்டவுடன் கண் ரப்பர் போல ஆகிவிடுகிறது. முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொள்ள வேண்டும். பிசுபிசுப்பான திரவம் தடவிய ஒரு தடித்த வில்லையை மருத்துவர் நேராகக் கண்ணின் மேல் பொருத்துகிறார்; அதன் பிறகு நாம் நினைத்தாலும் இமைக்க முடியாது. “நெத்தியை ஒட்டி வச்சுக்குங்கம்மா, வேற எங்கயும் பாக்காதீங்க, டாக்டரோட காதைப் பாத்துக்கிட்டே இருங்க” என்று உதவியாளர் பின்னால் நின்று என் தலையை லேசாகப் பிடித்துக்கொண்டார். பிறகு ‘டிக், டிக்’ என்ற ஒலியுடன் பச்சை மின்னல்கள் வரத் தொடங்கின. முதல் நாள் வலது கண்ணில் 540 புள்ளிகள். கருவியின் திரையில் அந்த எண் ஓடிக்கொண்டிருந்ததை உதவியாளர் அவ்வப்போது படித்துச் சொன்னார். எண்ணிக்கை காதில் விழுந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. முடிவு தெரியாத வலியைவிட, இன்னும் நூறுதான் என்று தெரிந்த வலியைத் தாங்குவது எளிது.

பெரும்பாலான புள்ளிகள் வெறும் வெளிச்சமாகவே கடந்தன. ஆனால் கண்ணின் இரு பக்கவாட்டுக் கோடுகளில், கடிகார முகத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடங்களில், நரம்புகள் ஓடுவதால் அங்கே சுடும்போது கண்ணுக்குப் பின்னால் ஊசி குத்தியது போன்ற ஒரு வலி சுருக்கென்று வந்து போனது. நான் முகத்தைச் சுளித்ததைக் கண்டு மருத்துவர் கையை எடுத்துவிட்டு, சக்தியைக் குறைத்து, பக்கத்து இடத்துக்கு நகர்ந்தார். முடிந்தபோது அந்தக் கண்ணுக்குச் சில நிமிடங்கள் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு உலகம் முழுவதும் இளஞ்சிவப்புச் சாயம் பூசியது போலத் தெரிந்து, மெல்ல மெல்லத் தெளிந்தது. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நான் அந்தச் சில நிமிடங்களில் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இந்தச் சேவையில் எனக்கிருந்த குறைகளில் இது ஒன்று. இரு கண்களுக்கும் சேர்த்து ஐந்து அமர்வுகள், வாரக்கணக்கில் இடைவெளி விட்டு நடந்தன.

விளைவைச் சொல்லும்போது கவனமாக இருக்க வேண்டும். இந்த லேசர் பார்வையைக் கூட்டித் தராது. எனக்கும் கூடவில்லை. இருப்பதை இழக்காமல் இருப்பதே அதன் வெற்றி. அதை மனத்தில் இருத்தாமல் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். எனக்கு இரவுப் பார்வை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டறைக்குள் நுழைந்தால் கண் பழகுவதற்கு நேரம் பிடிக்கிறது. படியிறங்கும்போது ஓரத்தில் கை வைத்துக்கொள்கிறேன். ஒப்புதல் படிவத்தில் இவை எழுதப்பட்டிருந்தன என்பது உண்மைதான். ஆனால் கண்மணி விரிந்து, எழுத்து எதுவும் தெரியாத நிலையில் அந்தப் படிவத்தைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது முறையாகுமா? சொட்டு மருந்து விடுவதற்கு முன்பே அதைக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டாம் அமர்வில் நான் இதை எடுத்துச் சொன்ன பிறகு எனக்கு மட்டுமாவது அப்படிச் செய்தார்கள்.

இந்தச் சிகிச்சையின் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததற்கு அதன் வரலாறும் ஒரு காரணம். 1945இல் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்து விழித்திரை கருகிய ஒரு மருத்துவ மாணவரைப் பரிசோதித்த ஜெர்மானியக் கண் மருத்துவர் கெர்ட் மேயர்-ஷ்விக்கராத், ஒளியால் கெடுக்க முடியுமென்றால் அதே ஒளியால் ஒட்டவும் அடைக்கவும் முடியுமே என்று யோசித்தார். முதலில் சூரிய ஒளியையும் பிறகு செனான் விளக்கையும் கொண்டு அதைச் செய்தும் காட்டினார். 1960 மே 16 அன்று தியோடர் மெய்மன் ரூபிக் கல்லிலிருந்து முதல் லேசர் ஒளியை எழுப்பினார். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே நியூயார்க்கில் ஒரு நோயாளியின் விழித்திரைக் கட்டியின் மேல் அது பயன்படுத்தப்பட்டுவிட்டது. மருத்துவத்தில் லேசர் முதலில் நுழைந்தது கண்ணின் வழியாகத்தான். ஒளி உள்ளே போவதற்கென்றே இயற்கை திறந்துவைத்த வாசல் கண் என்பதால் இதில் வியப்பில்லை.

வரலாற்றைவிட முக்கியமானது சான்று. அமெரிக்காவில் 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் மட்டும் சிகிச்சை செய்து மறு கண்ணை அப்படியே விட்டு ஒப்பிட்டார்கள். அதன் முடிவு 1976இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் கடுமையான பார்வை இழப்பு ஏற்பட்டது சிகிச்சை பெறாத கண்களில் நூற்றுக்குப் பதினாறு, பெற்ற கண்களில் நூற்றுக்கு ஆறு. ஒரே மனிதரின் இரு கண்களையே ஒப்பிட்டதால், வயது, சர்க்கரையின் அளவு, மருந்து எல்லாம் இரு பக்கமும் சமம். இவ்வளவு தெளிவான சான்று கொண்ட சிகிச்சைகள் மருத்துவத்தில் ஏராளமாக இல்லை.

இப்போது அதே புரதத்தை அடக்கும் ஊசியைக் கண்ணுக்குள் போடும் முறையும் இருக்கிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டு ஆண்டுக் காலத்தில் ஊசியின் பலன் லேசருக்குக் குறைந்ததில்லை என்று காட்டியது. மாகுலாவில் நீர் கோத்தவர்களுக்கு ஊசிதான் பெரும்பாலும் முதல் தேர்வு. ஊசியில் ஓரப் பார்வையின் இழப்பும் குறைவு. என் மருத்துவர் இரண்டையும் எடுத்துச் சொல்லி முடிவை என்னிடம் விட்டார். ஊசி என்றால் மாதாமாதம் போக வேண்டியிருக்கும்; இடையில் நின்றுபோனால் நோய் வேகமாகத் திரும்பலாம். லேசரின் தழும்பு நிரந்தரம், அதன் காவலும் நிரந்தரத்துக்குப் பக்கத்தில். வயதான தாயாரை வீட்டில் வைத்துக்கொண்டு மாதாமாதம் தவறாமல் போய் வர என்னால் முடியாது என்பது எனக்கே தெரிந்ததால் லேசரைத் தேர்ந்தெடுத்தேன். தவறாமல் போய்வர முடிந்த ஒருவர் வேறு முடிவுக்கு வந்தால் அதுவும் சரியே.

தாயாருக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அது நடந்ததும் அவ்வளவு சுருக்கமாகத்தான். கண்புரை அறுவையில் செயற்கை வில்லையைத் தாங்குவதற்காக விட்டுவைக்கும் மெல்லிய பின்சவ்வு, சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ சிலருக்கு மங்கலாகிவிடுகிறது. ‘புரை திரும்ப வந்துவிட்டது’ என்று வீட்டில் பேசிக்கொண்டோம். அது தவறு, எடுத்த புரை திரும்புவதில்லை. 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள யாக் லேசர், கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான கால அளவில் துடித்து, குவியும் இடத்தில் ஒரு நுண்ணிய வெடிப்பை உண்டாக்கி, அந்தச் சவ்வில் ஒரு சன்னலைத் திறக்கிறது. இங்கே எதுவும் சுடப்படுவதில்லை, கிழிக்கப்படுகிறது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. “அவ்வளவுதானா?” என்று என் தாயார் கேட்டார். மறுநாள் காலையில் நாட்காட்டியில் இருந்த சிறிய எழுத்தை எழுந்து போகாமலே படித்தார். சில நாட்கள் கண்முன் கரும்புள்ளிகள் மிதந்தன. கண் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்த பிறகே அனுப்பினார்கள். அபூர்வமாக விழித்திரை விலகக்கூடும் என்பதால், மின்னல் தெறிப்பது போலவோ திரை விழுவது போலவோ தெரிந்தால் உடனே வரச் சொன்னார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவதுக்குப் போகும் முன் ஒளியின் தன்மையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது புரிந்தால்தான் என் வருத்தம் புரியும். லேசர் என்பது ஒரே அலைநீளத்தில், ஒரே திசையில், அடி பிசகாமல் வரும் ஒளி. உடலில் அது என்ன செய்யும் என்பதை, அந்த அலைநீளத்தை எந்தப் பொருள் உறிஞ்சுகிறது என்பதும், எவ்வளவு சக்தி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பச்சை ஒளியை நிறமியும் இரத்தமும் விழுங்குகின்றன. குமார் பட்டேல் 1964இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய கரியமில வாயு லேசரின் 10,600 நானோமீட்டர் ஒளியைத் தண்ணீர் விழுங்குகிறது; உடலின் எல்லாத் திசுவிலும் தண்ணீர் இருப்பதால் அது பட்ட இடமெல்லாம் ஆவியாகிறது, ஆகவே அது கத்தியாகப் பயன்படுகிறது. சிறுநீரகக் கல்லை உள்ளேயே பொடியாக்கும் ஹோல்மியம் லேசர் 2,100 நானோமீட்டருக்கு அருகில் வேலை செய்கிறது. தலைமயிர் போன்ற கண்ணாடி இழை வழியாகக் கல் இருக்கும் இடம் வரை அதைக் கொண்டுபோக முடிவதால் வெளியே வெட்டுக்காயமே இல்லை.

இதற்கு நான் மிகவும் விரும்பும் எடுத்துக்காட்டு, சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன் ஐபிஎம் ஆய்வகத்தில் செய்தது. 1981 நவம்பரில், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை அவர் ஆய்வகத்துக்கு எடுத்துவந்து அதன் மேல் 193 நானோமீட்டர் புறஊதா லேசரைப் பாய்ச்சினார். ஒப்பிடுவதற்காகப் பச்சை லேசரையும் பாய்ச்சினார், அது பட்ட இடம் கருகியிருந்தது. புறஊதா பட்ட இடத்தில் கத்தியாலும் வெட்ட முடியாத அளவுக்குச் சுத்தமான ஒரு பள்ளம், சுற்றிலும் கருகலே இல்லை. அந்தக் குளிர்ந்த வெட்டுதான் இன்று கருவிழியைச் செதுக்கிக் கண்ணாடியைக் கழற்ற உதவும் லேசிக் சிகிச்சைக்கு அடித்தளம். எந்தப் பச்சை ஒளி அந்தத் துண்டைக் கருக்கியதோ, அதே வகை ஒளிதான் என் விழித்திரையைக் காத்தது. ஆகவே லேசர் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதற்கு விடையில்லை. எந்த அலைநீளம், எவ்வளவு நேரம், எந்தத் திசுவில் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

இனி என் தோள்பட்டை. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள்மூட்டு இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். எனக்கும் இடது கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாமல் போனது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பிசியோதெரபி மையத்தில் ‘அறுவையில்லாத நவீன லேசர் சிகிச்சை’ என்று பெரிய எழுத்தில் பலகை வைத்திருந்தார்கள். கண்ணில் லேசர் செய்த நன்மை என் மனத்தில் பசுமையாக இருந்ததால், அதிகம் யோசிக்காமல் பத்து அமர்வுகளுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டேன். என் முதல் தவறு அதுதான்.

அங்கே பயன்படுத்தியது குறைந்த சக்தி லேசர். இது எதையும் வெட்டுவதோ சுடுவதோ இல்லை. தோலின் வழியாக இறங்கும் சிவப்பு அல்லது அகச்சிவப்பு ஒளி, செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பில் உள்ள ஒரு நொதியைத் தூண்டி வலியையும் வீக்கத்தையும் குறைக்கிறது என்பது அதன் அடிப்படைக் கருத்து. 1967இல் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், மயிர் மழித்த எலிகளின் மேல் வலுவில்லாத ரூபி லேசரைக் காட்டியபோது அவற்றுக்கு மயிர் விரைவாக வளர்வதைக் கண்டதிலிருந்து இந்தத் துறை தொடங்குகிறது. கருத்து பொய்யல்ல. ஆனால் இதில் அளவுதான் எல்லாம்: குறைந்தால் பலனில்லை, கூடினால் பலன் திரும்பிப்போகிறது. 100 மில்லிவாட் கருவியை ஓரிடத்தில் 40 விநாடி வைத்தால் 4 ஜூல் சக்தி இறங்குகிறது. இந்தச் சின்னக் கணக்கைப் போடாமல் இந்தச் சிகிச்சையைச் செய்ய முடியாது.

அந்த மையத்தில் அந்தக் கணக்கைப் போட்டவர் யாருமில்லை. பயிற்சி முடித்தவராகத் தெரியாத ஓர் இளம் பணியாளர் கருவியின் முனையைத் தோளின் மேல், உடுத்திய துணியின் மேலேயே, இஸ்திரி போடுவது போல முன்னும் பின்னும் தேய்த்தார். துணி ஒளியைத் தடுக்கும் என்பதை மூன்றாம் அமர்வில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அலைநீளம் என்ன என்று கேட்டேன், தெரியவில்லை. எத்தனை ஜூல் என்று கேட்டேன். “மெஷின் தானா செட் பண்ணிக்கும்மா” என்றார். எல்லாவற்றையும்விட என்னை நடுங்கவைத்தது இன்னொன்று. சுவரில் ஆணியில் ஒரே ஒரு பாதுகாப்புக் கண்ணாடி தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவரும் அதை அணியவில்லை, எனக்கும் தரவில்லை. விழித்திரையில் ஆயிரக்கணக்கான தழும்புகளோடு உட்கார்ந்திருந்த நான் அதைக் கேட்டபோது, “பயப்படாதீங்கம்மா, இது வெறும் லைட்தான்” என்றார்.

வெறும் லைட்தான் என்ற அந்த வார்த்தையை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. இத்தகைய சிகிச்சைக் கருவிகளில் பெரும்பாலானவை பாதுகாப்பு வகைப்பாட்டில் 3பி அல்லது 4 என்ற உயர்ந்த படிகளில் வருபவை; அரை வாட்டுக்கு மேல் போனால் நான்காம் வகை. அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் கண் கூசாது, இமை தானாக மூடாது. ஆனால் கண்ணின் வில்லை அதையும் விழித்திரையில் குவித்துவிடும். வலி தெரியாமலே குருட்டுப் புள்ளி விழுந்துவிடலாம். அதனால்தான் அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், அந்தக் குறிப்பிட்ட அலைநீளத்துக்கென்று செய்யப்பட்ட கண்ணாடி கட்டாயம். ஒரு லேசருக்கான கண்ணாடி இன்னொன்றுக்கு உதவாது. காக்கும் அலைநீளம் கண்ணாடியின் சட்டத்திலோ வில்லையிலோ அச்சிடப்பட்டிருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படித்துப் பார்க்கலாம். கண் மருத்துவமனையிலோ அறைக் கதவில் எச்சரிக்கைப் பலகை இருந்தது, கருவியைச் சாவி போட்டுத்தான் இயக்கினார்கள், அவசரத்துக்கு அழுத்த ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது, துணைக்கு வந்தவரையும் கண்ணாடி இல்லாமல் உள்ளே விடவில்லை. ஒரே பெயர் கொண்ட இரு அறைகளுக்கு இடையே இவ்வளவு தூரம்.

நான்காம் அமர்வோடு நிறுத்திவிட்டேன். மீதிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்கள். வேறு சிகிச்சைக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், நான் மாற்றிக்கொள்ளவில்லை. பிறகு வேறொரு பிசியோதெரபிஸ்ட் கயிறும் உருளையும் கொண்டு கையைத் தூக்கும் பயிற்சியையும், சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சியையும் பொறுமையாகக் கற்றுத் தந்தார். எட்டு மாதங்களில் கை மேலே போனது. லேசர் உதவியிருக்குமா என்று அவரிடம் கேட்டேன். பயிற்சியோடு சேர்த்துச் சரியான அளவில் கொடுத்தால் சிலருக்கு வலி கொஞ்சம் அடங்கும், அப்போது பயிற்சி செய்வது எளிதாகும், பயிற்சியின் இடத்தை அது பிடிக்காது என்று அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. மூட்டுத் தேய்மானத்துக்கு இதைக் கொடுக்க வேண்டாம், போதிய சான்று இல்லை என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. முழங்கால் வலிக்கு இதை வாங்கப் போகிறவர்கள் அதை அறிந்துகொண்டு போக வேண்டும்.

அதற்காகக் குறைந்த சக்தி லேசர் முழுவதும் ஏமாற்று என்று நான் எழுதினால் அதுவும் அநியாயம். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறுபவர்களுக்கும், எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு முன் கடும் மருந்து ஏற்றப்படுபவர்களுக்கும் வாய்க்குள் தோல் உரிந்து, எச்சில்கூட விழுங்க முடியாத அளவுக்குப் புண்ணாகிவிடும். அந்தப் புண் வராமல் தடுக்கவும் தணிக்கவும் இதே மெல்லிய ஒளி உதவுகிறது. சர்வதேச வழிகாட்டுதல்களே அதைப் பரிந்துரைக்கின்றன. அங்கே எந்த அலைநீளம், ஒவ்வோர் இடத்துக்கும் எவ்வளவு ஜூல், வாரத்தில் எத்தனை நாள் என்பதெல்லாம் எழுதி வைத்தே செய்கிறார்கள். எழுதிவைத்த அளவு இருக்கும் இடத்தில் இந்த ஒளி மருந்தாகிறது. புற்றுநோய் மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இந்த வசதி இன்னும் வரவில்லையே என்பது என் ஆதங்கம்.

தோலுக்கும் மயிர் அகற்றுவதற்கும் செய்யும் லேசரை நான் செய்துகொண்டதில்லை, ஆகவே அதிகம் பேச மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்லலாம்: மயிரின் வேரில் உள்ள நிறமியைக் குறிவைக்கும் ஒளிக்கு, தோலில் உள்ள நிறமியும் அதே நிறமிதான். நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கும் கருத்த தோலுக்கும் 1064 நானோமீட்டர் போன்ற நீண்ட அலைநீளமே பாதுகாப்பானது. வெளுத்த தோலுக்கு ஏற்ற அளவை அப்படியே வைத்தால் கொப்புளமும் நாட்பட்ட கறையும் மிஞ்சும். சிறிய இடத்தில் சோதித்துப் பார்க்காமல் நேராகத் தொடங்குகிற இடத்தில் உட்காராதீர்கள்.

விழித்திரை லேசருக்குப் போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில நடைமுறைகள். கட்டாயம் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். அன்று முழுவதும் வண்டி ஓட்ட முடியாது. கறுப்புக் கண்ணாடி எடுத்துச் செல்லுங்கள், விரிந்த கண்மணிக்கு வெயில் தாங்காது. படிவத்தைச் சொட்டு மருந்துக்கு முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். வலித்தால் தலையைப் பின்னால் இழுக்காமல் வாயால் சொல்லுங்கள். தலை அசைந்தால் புள்ளி வேறிடத்தில் விழும். எத்தனை புள்ளிகள், எவ்வளவு சக்தி என்பதைக் கோப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள், பின்னாளில் வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் அது உதவும். தோளுக்கோ முழங்காலுக்கோ போகிறவர்கள் பணம் கட்டும் முன்பே அலைநீளமும் அளவும் கேளுங்கள்; பதில் வராவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

சென்ற மாதம் எடுத்த படத்தில் என் இடது விழித்திரையின் ஓரம் முழுவதும் சிறு சிறு வட்டத் தழும்புகள், சில வெளிறியும் சில கருத்தும், வரிசை வரிசையாகத் தெரிந்தன. நடுவில் மாகுலா தொடப்படாமல் இருந்தது. முன்பு புதுக் குழாய்கள் பின்னிக் கிடந்த இடத்தை மருத்துவர் பென்சில் முனையால் சுட்டிக் காட்டினார். அங்கே இப்போது வெளிறிய ஒரு நூலிழை மட்டுமே இருக்கிறது. எழுத்துப் பலகையின் கடைசி வரியை இன்னும் என்னால் வாசிக்க முடிகிறது. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் இதே அளவில் வைத்திருக்கச் சொல்லி, நான்கு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.